மீட்டர்ல விளக்கு மினுங்குனா 46,000 ரூபாயா?

கார் மீட்டர் போர்டுல எச்சரிக்கை விளக்குகள் மினுங்குனா முதல்ல பாக்க வேண்டியது பேட்டரி டெர்மினல். ரெண்டாவது எர்த் வயர். மூணாவது டைனமோவும் அதோட பெல்ட்டும். இந்த மூணையும் பாக்காம "மாட்யூல் போச்சு சார், மாத்தணும்"னு எஸ்டிமேட் எழுதுறவங்களை நம்பாதீங்க. எவ்வளவு பெரிய கண்ணாடிக் கட்டடத்துல உக்காந்து எழுதினாலும் நம்பாதீங்க. இந்தப் பதிவு அதுக்குத்தான்.

வயல், வாய்க்கால், மாடு, மழைன்னு எழுதுற இடத்துல கார் எதுக்குன்னு கேப்பீங்க. எங்க தாமிரபரணிப் பாசனத்துல கார்னாலே ஜூன்ல தொடங்குற நெல் பருவம்தான், அதுக்கு அடுத்தது பிசானம். ஆனா இப்போ நாலு சக்கரக் காரும் எங்க வாழ்க்கைக்குள்ள வந்தாச்சு. பொங்கலுக்கும், கோயில் கொடைக்கும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போறதுக்கும் நீங்க எல்லாரும் ஊருக்கு வரும்போது எங்க தெருவுல மாட்டு வண்டி நிக்க இடம் கிடையாது. வந்த கார்ல ரெண்டு மூணுலயாவது மீட்டர் போர்டு தீபாவளி மாதிரி மினுங்கும். வண்டிக்காரர் முகம் செத்துப்போயிருக்கும். "ஷோரூம்ல பெரிய தொகை சொல்லியிருக்காங்க அண்ணே, ஊர்ல இருந்து திரும்பிப் போய்த்தான் பாக்கணும்"னு சொல்வாங்க. வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப் போச்சு. அதே வியாதி இப்போ எங்க டிராக்டருக்கும் அறுவடை மிஷினுக்கும் வந்துட்டதால, சலிப்போட விட முடியல.

என் தங்கச்சி வீட்டுக்காரர் சென்னையில வேலை பாக்குறார். அஞ்சு வருஷம் ஆன பெட்ரோல் கார். போன பொங்கலுக்கு வந்தப்போ ஏபிஎஸ், ஸ்டீரிங், செக் என்ஜின் மூணு விளக்கும் சேர்ந்து சேர்ந்து மினுங்கிட்டு இருந்துச்சு. பகல்ல கொஞ்சம், ராத்திரி ஹெட்லைட் போட்டா அதிகம். சென்னையில ஒரு சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டுப் பாத்து, ஏபிஎஸ் மாட்யூல் பேசல, அதை மாத்தணும்னு 46,000 ரூபாய்க்குத் தாள் கொடுத்திருந்தாங்க. "மச்சான், வண்டியை வித்துரலாமான்னு யோசிக்கேன்"னாரு.

எங்க ஊர் ரோட்டோரத்துல தகரக் கொட்டகை போட்டிருக்கிற எலக்ட்ரீசியன் அண்ணாச்சிகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்ல. மல்டிமீட்டரை எடுத்தார். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாத்தையும் போடச் சொன்னார். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்துல வச்சார், இன்னொன்னைக் கார் பாடியில பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டுல வச்சார். 0.9 வோல்ட் காட்டுச்சு. "ரெண்டும் ஒண்ணா இருக்கணும் சார். நடுவுல தொண்ணூறு பைசா களவு போவுது பாத்தீகளா"ன்னு சிரிச்சார். பேட்டரியில இருந்து பாடிக்குப் போற எர்த் வயரைக் கழட்டினார். போல்ட்டுக்கு அடியில துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பளபளன்னு ஆக்கி, முறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவினார். மறுபடி பாத்தா 0.04 வோல்ட். அதுக்கப்புறம்தான் ஸ்கேனரைச் செருகிப் பழைய கோடுகளை அழிச்சார். கூலி 300 ரூபாய். இன்னிக்கு வரைக்கும் அந்த விளக்குகள் மினுங்கல.

இதுல மந்திரம் எதுவும் இல்ல. காருக்குள்ள கரண்ட் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சா உங்களுக்கே விளங்கும். பேட்டரியோட பிளஸ்ல இருந்து வயர் வழியா விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் போகுது. திரும்பி வர்றதுக்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது. காரோட இரும்பு உடம்பு வழியாவே பேட்டரி மைனஸுக்குத் திரும்புது. அந்த உடம்பையும் என்ஜினையும் மைனஸோட இணைக்கிற தடித்த வயர்தான் எர்த். எங்க பாஷையில சொன்னா பிளஸ் வயர் வாய்க்கால், எர்த் வடிகால். வடிகால் தூர்ந்து போனா என்ன ஆகும்? தண்ணி போக வழி இல்லாம வயல் பூரா கெடும். அப்போ பயிரைக் குத்தம் சொல்லி நாத்தை மாத்தினா சரியாயிருமா? 20 ஆம்பியர் ஓடுற பாதையில 0.05 ஓம் தடை சேர்ந்தாலே ஒரு வோல்ட் காணாமப் போயிரும். ஒரு சின்னத் துருப்படலம் போதும் அதுக்கு.

இன்னிக்குக் காருக்குள்ள என்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒண்ணு, ஸ்டீரிங்குக்கு ஒண்ணு, ஏர்பேக்குக்கு ஒண்ணுன்னு பல இருக்கு. முறுக்கின ரெண்டு வயர்ல இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். கேன்னு பேரு, ஜெர்மனியோட பாஷ் கம்பெனி 1986ல அறிமுகப்படுத்தின முறை. வோல்டேஜ் ஆடினா பேச்சுத் தடுமாறும். பேச்சுத் தடுமாறினா ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அடுத்தவனைக் காணலன்னு விளக்கைப் போடும். வோல்டேஜ் திரும்பி வந்தா விளக்கு அணையும். இதைத்தான் மினுங்கல்ங்கிறோம்.

ஸ்கேனர் இதுல பாதி உண்மையைத்தான் சொல்லும். யார் பேசலன்னு சொல்லும். ஏன் பேசலன்னு சொல்லாது. சிஸ்டம் வோல்டேஜ் குறைவுன்னு சொல்ற பி 0562 கோடும், என்ஜின் கம்ப்யூட்டரோட தொடர்பு போச்சுன்னு சொல்ற யு 0100 கோடும் சேர்ந்து வந்தா, மூளை இருக்கிறவன் முதல்ல பேட்டரியைப் பாப்பான். இலக்கு வச்சு வேலை வாங்குற இடத்துல முதல்ல பார்ட்ஸ் பட்டியலைத்தான் பாப்பாங்க.

நீங்களே பாக்க வேண்டியது

முதல்ல கண்ணால பாருங்க. சாவியை ஆன் பண்ணினதும், என்ஜின் ஓடாதப்போ, எச்சரிக்கை விளக்குகள் எரியணும். பல்பு உயிரோட இருக்குன்னு காட்டுறதுக்காக வண்டி தானே போட்டுக் காட்டுது. என்ஜின் ஓடினதும் ஒவ்வொண்ணா அணையணும். அதுக்கப்புறம் எந்த விளக்கு, எப்போ மினுங்குதுன்னு ஒரு தாள்ல எழுதுங்க. பள்ளத்துல விழும்போதா, ஹெட்லைட் போட்டாலா, மழையிலயா, வண்டி சூடானப்புறமா? பாதி நோய் இந்தத் தாள்லயே தெரிஞ்சிரும்.

நாலஞ்சு விளக்கு ஒரே நேரத்துல மினுங்கினா கரண்ட் வழியிலதான் கோளாறு. ஏபிஎஸ்ஸும் ஸ்டீரிங்கும் என்ஜினும் ஒரே நாள்ல ஒண்ணா கெட்டுப் போறதுக்கு அதெல்லாம் என்ன சொல்லி வச்சுக்கிட்டா கெடும்? ஒரே ஒரு விளக்கு மட்டும் மினுங்கினா அந்தப் பாதையைத் தேடணும்.

அடுத்து பானெட்டைத் திறங்க. பேட்டரி டெர்மினலைக் கையால அசைச்சுப் பாருங்க. அசையக் கூடாது. வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா அதுதான் முதல் குற்றவாளி. சாவியை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு, மைனஸை முதல்ல கழட்டுங்க, அப்புறம் பிளஸ். சுடு தண்ணியில ஆப்பசோடா கரைச்சு ஊத்தினா பூத்தது பொங்கிக் கரையும். பேட்டரி மூடி வழியா உள்ள போகாமப் பாத்துக்கோங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, உலர்த்தி, மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசியில. மேல வாசலின் தடவுங்க.

ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கு எலக்ட்ரிகல் கடையில கிடைக்கும். குடும்பத்தோட ஒரு தடவை ஓட்டலுக்குப் போற காசு. அதை வச்சு நாலு அளவு எடுங்க.

ராத்திரி பூரா நின்ன வண்டியில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினா நிறைஞ்சிருக்கு. 12.4ன்னா முக்கால்வாசி. 12க்குக் கிட்ட இருந்தா காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ இறங்கினா பேட்டரி சோர்ந்து போச்சு, இல்ல டெர்மினல் சரியில்ல. நம்ம வெயில்ல ஒரு பேட்டரி மூணு நாலு வருஷம் உழைச்சா பெரிய விஷயம். சனிக்கிழமை மட்டும் எடுக்கிற நகரத்துக் காருக்கு அதுவும் குறையும்.

என்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.5க்குள்ள காட்டணும். சில புது வண்டிகள் பெட்ரோலை மிச்சம் பிடிக்க சார்ஜைக் குறைச்சு வைக்கும். அதனால ஹெட்லைட்டைப் போட்டுட்டு அளங்க. அப்பவும் 13க்கு மேல ஏறலன்னா பெல்ட் வழுக்குது, இல்ல டைனமோ படுத்துருச்சு. 15க்கு மேல போனா ரெகுலேட்டர் போச்சு. அப்படியே ஓட்டினா அதுதான் நெசமாவே கம்ப்யூட்டரைக் கொல்லும்.

மூணாவது, அண்ணாச்சி பண்ணின எர்த் சோதனை. எல்லா லோடையும் போட்டுட்டு, பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் நடுவுல, அப்புறம் மைனஸுக்கும் என்ஜினுக்கும் நடுவுல அளங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல இருந்தா எர்த் வயரைக் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க.

நாலாவது, மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, ஓடுற என்ஜின்ல பேட்டரி ரெண்டு கம்பத்துலயும் வைங்க. கிட்டத்தட்ட ஒண்ணும் காட்டக் கூடாது. அரை வோல்ட் காட்டினா டைனமோவுக்குள்ள டயோடு போயிருக்கு. பேட்டரி விளக்கு மங்கலா மினுங்குறதும், ஹெட்லைட் நடுங்குறதும் இதனாலதான். டயோடு பிளேட் மட்டும் மாத்துற ஆளுங்க திருநெல்வேலியிலயும் இருக்காங்க, உங்க சென்னையில புதுப்பேட்டையிலயும் இருக்காங்க. முழு டைனமோ வாங்கணும்னு அவசியம் கிடையாது.

இதெல்லாம் சரியா இருந்தா, வயர்களைப் பாருங்க. என்ஜினை ஓடவிட்டு, பெல்ட்டும் ஃபேனும் இல்லாத பக்கமா ஒவ்வொரு கப்ளரையும் மெல்ல அசைச்சா, எங்க அசைக்கும்போது விளக்கு மினுங்குதோ அங்கதான் நோய். வைக்கோல் போர் பக்கத்துல நிறுத்தின வண்டியில எலி கடிச்சிருக்கும். அடுக்குமாடி பேஸ்மென்ட்டுலயும் எலி உண்டு, தெரிஞ்சுக்கோங்க. அப்புறம் நீங்க ஆசைப்பட்டுப் போட்ட கேமரா, ஸ்பீக்கர், எக்ஸ்ட்ரா லைட்டு. ஒரிஜினல் வயரை அறுத்து, முறுக்கி, டேப் ஒட்டின ஜாயிண்ட் ஒவ்வொண்ணும் ஒரு நாள் மினுங்கும்.

எந்த விளக்குல விளையாடக் கூடாது

நான் சொல்றதை வச்சுக்கிட்டு எல்லா விளக்கையும் அலட்சியம் பண்ணிராதீங்க. சிவப்பு ஆயில் விளக்கு, வண்டி சூடாகி நிக்கும்போது மினுங்கினா உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்க. ஆயில் அளவு பாக்காம ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க. வளைவுல திரும்பும்போது பிரேக் விளக்கு மினுங்கினா பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கும். குறைஞ்சா எங்கயோ ஒழுகுது, இல்ல பிரேக் பேடு தேய்ஞ்சிருக்கு. பெட்ரோல் வண்டியில செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிஞ்சா என்ஜின் மிஸ்ஸாகுது. வேகத்தைக் குறைங்க, இல்லாட்டி சைலன்சர்ல இருக்கிற கன்வர்ட்டர் வெந்து போகும். அதுதான் நெசமான பெரிய செலவு. ஏர்பேக் விளக்கும், மஞ்சள் கலர் கப்ளரும் உங்க கைக்கும் ஆகாது, தகரக் கொட்டகைக்கும் ஆகாது. அதைக் கத்துக்கிட்டவங்கதான் தொடணும்.

எங்க ஊர்ப் பழைய மெக்கானிக்குகளுக்கும் ஒண்ணு சொல்லணும். என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டி, "வண்டி நிக்கலைன்னா டைனமோ நல்லாருக்கு"ன்னு சொல்ற பழக்கம் அம்பாசடரோட போகட்டும். இன்னிக்கு வண்டியில அப்படிக் கழட்டினா வோல்டேஜ் குபீர்னு ஏறி கம்ப்யூட்டரைச் சுட்டுரும். ஷோரூம்காரன் தப்புப் பண்றான்னு சொல்ற உரிமை வேணும்னா, நம்ம தப்பையும் நிறுத்தணும்.

வெள்ளம் சொல்லிக் கொடுத்த பாடம்

2023 டிசம்பர் 17, 18. உங்கள்ல பல பேர் டிவியில பாத்திருப்பீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நடு வெள்ளத்துல நின்னுது. தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளயும் கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸுக்குள்ளயும் வந்துச்சு. எத்தனை கார், எத்தனை டிராக்டர் ஆத்துத் தண்ணியில முங்கிக் கிடந்துச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

தண்ணி வடிஞ்சு, வண்டி ஓடவும் தொடங்கினப்புறம், மாசக் கணக்குல கழிச்சுத்தான் விளக்குகள் மினுங்க ஆரம்பிச்சுது. வண்டல் தண்ணி கப்ளருக்குள்ள புகுந்து, செம்புப் பின்ல பச்சைக் களிம்பு பிடிச்சு, வயரோட ரப்பருக்குள்ளயே ஊறிப் போயிருந்துச்சு. இதுக்கு வைத்தியம் பொறுமைதான். சீட்டைக் கழட்டி, தரைவிரிப்பைத் தூக்கி, ஒவ்வொரு கப்ளரையும் பிரிச்சு, காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சு, களிம்பு ஏறின வயரை நல்ல செம்பு வர்ற வரைக்கும் வெட்டி, சால்டர் வச்சு ஒட்டணும். ரெண்டு மூணு நாள் வேலை. எங்க பக்கத்து எலக்ட்ரீசியன்மார் அந்தச் சமயம் ராப்பகலா அதைத்தான் பண்ணினாங்க. பெரிய இடங்கள்ல அந்தப் பொறுமைக்கு பில்லுல வரி கிடையாது. வயரிங் செட் மொத்தமா மாத்தணும், இல்ல வண்டியை இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துரணும். இன்சூரன்ஸ் இருக்கிறவன் பொழைச்சான். மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வச்சிருந்த வாடகை வண்டிக்காரனும் லோடு ஆட்டோக்காரனும் என்ன பண்ணுவான்? அவனைக் காப்பாத்துனது தகரக் கொட்டகைதான்.

பூட்டு யார் கையில?

"இன்னிக்கு வண்டி எல்லாம் சிக்கலானது, உயிர் சம்பந்தப்பட்டது, கண்டவன் கை வைக்கக் கூடாது"ங்கிறதுதான் கம்பெனிகளோட வாதம். பாதி சரி. ஏர்பேக்கைப் பத்தி நானே மேல சொல்லிட்டேன். ஆனா எர்த் போல்ட்டைத் தேய்க்க என்ன ரகசியம் வேணும்? வயரிங் படத்தைக் கொடுத்தா, கோடுக்கு அர்த்தத்தைக் கொடுத்தா, ஸ்கேனரை நியாயமான விலைக்குக் கொடுத்தா, கண்டவன் கத்துக்கிட்டவன் ஆவான். அதைக் கொடுக்காம பூட்டி வச்சுட்டு, "அவனுக்குத் தெரியாது"ன்னு சொல்றது என்ன நியாயம்? பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டு, படிக்காதவன்னு திட்டுற மாதிரிதான்.

நான் மட்டும் சொல்லல. 2011ல ஒரு தனி மனிதர் கொடுத்த புகார்ல தொடங்கின வழக்குல, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25ல தீர்ப்புச் சொல்லுச்சு. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம். ஸ்பேர் பார்ட்ஸையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்காம அடைச்சு வச்சதுதான் குற்றம். வெளியில வேலை பாத்தா வாரண்டி மொத்தமும் ரத்துன்னு பொத்தாம் பொதுவா நிபந்தனை போடக் கூடாது, அந்த வேலையால வந்த கேட்டுக்கு மட்டும்தான் மறுக்கலாம்னும் அந்த உத்தரவு சொல்லுச்சு. கம்பெனிகள் மேல மேல போய் வழக்காடினாங்க. அதுக்குள்ள பத்து வருஷத்துக்கு மேல ஓடிருச்சு. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரிப்பேர் உரிமை’க்காக ஒரு குழு போட்டுச்சு. அதுல முதல்ல எடுத்துக்கிட்ட நாலு துறைகள்ல விவசாயக் கருவியும் உண்டு, காரும் உண்டு. அந்த டிசம்பர்லயே ஒரு இணையதளமும் திறந்தாங்க. நல்லது. ஆனா இணையதளம் எர்த் வயரைத் தேய்க்காது. மீறினா தண்டனைன்னு சொல்ற சட்டம் வேணும்.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் 2012லயே காருக்கு அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்துருச்சு. கொலராடோ 2023ல விவசாய மிஷினுக்குன்னே தனிச் சட்டம் போட்டு, 2024 ஜனவரியில இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்துச்சு. அங்க அதைக் கேட்டு முன்னால நின்னது விவசாயிகள். டிராக்டர்ல ஒரு விளக்கு எரிஞ்சா, கம்பெனி ஆள் லேப்டாப்போட வர்ற வரைக்கும் விளைஞ்ச பயிர் காத்திருக்கணுமான்னு அவங்க கேட்டாங்க.

இங்கயும் அந்த நாள் வந்தாச்சு. 50 குதிரைத்திறனுக்கு மேல உள்ள புது டிராக்டருக்கு 2023 ஜனவரியில இருந்து புகை விதி இறுக்கமாயிருச்சு. அது காத்துக்கு நல்லது, நான் எதிர்க்கல. ஆனா அதோட சென்சாரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து வந்துச்சு. பிசான அறுவடை நேரம் எங்க பக்கம் வந்து பாருங்க. கன்னடியன் கால்வாய்ப் பாசனம் பூரா ஒரே சமயத்துல தலை சாய்ஞ்சு நிக்கும். அறுவடை மிஷின் மணிக்கு இவ்வளவுன்னு வாடகை. ஒரு வயல் முடிஞ்சா அடுத்த வயல்னு வரிசை. நடுவுல ஒரு விளக்கு மினுங்கி மிஷின் வேகத்தைக் குறைச்சுக்கிட்டா, வரிசையில நிக்கிற அத்தனை பேருக்கும் நாள் தள்ளிப் போகும். அதுக்குள்ள ஒரு கோடை மழை அடிச்சா நெல் வயல்லயே முளைச்சிரும். உங்களுக்கு மினுங்குற விளக்கு ரெண்டு நாள் ஆபீஸுக்கு ஆட்டோவுல போற செலவு. எங்களுக்கு அது ஒரு போகம்.

உங்க மேலயும் கோவம் உண்டு

கம்பெனியைத் திட்டினா நீங்க கைதட்டுவீங்க, தெரியும். ஆனா இந்தப் பூட்டுக்குச் சாவியைக் கொடுத்தது நகரத்துல இருக்கிற நீங்கதான். காசு இருக்கு, நேரம் இல்ல, எதையாவது மாத்தி ஓட விட்டா சரின்னு கையெழுத்துப் போட்டுப் போட்டு, மாத்துறதுதான் ரிப்பேர்னு ஆக்கிட்டீங்க. கழட்டின மாட்யூல் எங்கன்னு கூட நீங்க கேக்குறது இல்ல. தோண்டித் தேடிக் கண்டுபிடிக்கிற எலக்ட்ரீசியனுக்கு 300 ரூபாய் கூலியில பேரம் பேசுவீங்க. 46,000 ரூபாய் பில்லுக்கு கார்டைத் தேய்ப்பீங்க. அப்புறம் அந்தத் தொழிலுக்கு எந்தப் பையன் வருவான்? பேட்டை ஐடிஐயில படிச்சுட்டு வெளிய வர்ற பையன் தன் கொட்டகையைப் போடுறதை விட்டுட்டு, ஷோரூம்ல பார்ட்ஸ் மாத்துற வேலைக்குத்தான் போவான். அங்க அவனுக்கு மூளையை உபயோகிக்க உத்தரவு இல்ல. அவன் மேல எனக்குக் கோவம் கிடையாது, அவன் நம்ம பையன்.

அதனால உங்ககிட்ட நான் கேக்குறது மூணே விஷயம்.

எஸ்டிமேட்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, ஸ்கேனர் காட்டின கோடு எண்களை எழுதித் தரச் சொல்லுங்க. பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு, சார்ஜிங் எவ்வளவு, எர்த்ல எவ்வளவு இழப்புன்னு மூணு எண்ணையும் அதே தாள்ல எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா அவங்க அளக்கல. அளக்காதவங்ககிட்ட வண்டியை விடாதீங்க. எதையாவது மாத்தினா, கழட்டின பழைய பார்ட்டைக் கையில வாங்கிட்டு வாங்க.

வாரண்டி முடிஞ்ச வண்டின்னா, உங்க தெருவுல ஒரு எலக்ட்ரீசியன் இருப்பார். அவர்கிட்ட முதல்ல காட்டுங்க. அவர் அரை நாள் தேடினா அரை நாளுக்குக் கூலி கொடுங்க. பார்ட்ஸ் ஒண்ணும் மாத்தலையேன்னு காசைக் குறைக்காதீங்க. மாத்தாம சரி பண்ணினதுக்குத்தான் கூலி.

மூணாவது, ரிப்பேர் உரிமைச் சட்டம் வேணும்னு உங்க எம்.பி.க்கு எழுதுங்க. நாங்க எழுதினா டிராக்டர்காரன் புலம்பல்னு ஒதுக்கி வைக்கிறாங்க. கார்க்காரன் எழுதினா வாசிப்பாங்க. கேக்க வேண்டியது இவ்வளவுதான்: வயரிங் படம், கோடு விளக்கம், சோதனைக் கருவி, ஸ்பேர் பார்ட்ஸ். இந்த நாலும் நியாயமான விலைக்கு எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்கணும்.

அடுத்த கொடைக்கு ஊருக்கு வரும்போது டிக்கில ஒரு மல்டிமீட்டரைப் போட்டுட்டு வாங்க. பத்தாம் நம்பர் ஸ்பேனரும் உப்புத்தாளும் எங்க வீட்டுல இருக்கு.